பரங்கிமலையில் பூமியை அளந்த லாம்டன்

இமயமலைச் சிகரத்தின் உயரத்தைக் கண்டுபிடிக்க உதவிய கணக்கு எங்கே தொடங்கியது தெரியுமா?

நம் பரங்கிமலையில்தான்!

அதைத் தொடங்கியவர் வில்லியம் லாம்டன். இங்கிலாந்தில் யார்க்ஷயரில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். பட்டாளத்தில் சேர்ந்து இந்தியா வந்தார். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணப் போரிலும் பங்கு கொண்டார்.

போர் முடிந்ததும் அவருக்கு ஓர் ஆசை பிறந்தது. தென்னாட்டைத் துல்லியமாக அளக்க வேண்டும்!

இந்தச் செலவு எதற்கு என்று கேலி செய்தவர்களும் உண்டு. ஊர் போய்ச் சேரப் பல்லக்குத் தூக்கிகள் போதாதா என்பது அவர்கள் எண்ணம். லாம்டன் அசையவில்லை.

சங்கிலி நீண்டது!

1802-ம் ஆண்டு ஏப்ரல் 10-ந்தேதி வேலை தொடங்கியது. பரங்கிமலை அருகிலிருந்து, தாம்பரத்துக்குக் கிழக்கே உள்ள பெரும்பாக்கம் குன்று வரை ஒரு நேர்கோடு. நீளம் சுமார் 7½ மைல்.

அளக்கும் கருவி, 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. அதைச் சுமார் 400 தடவை போட வேண்டும்.

அப்போது கடும் கோடை. வெயிலில் எஃகு நீளும். வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடும் கொல்லர் இதை அறிவார். இரும்புப் பட்டையைப் பழுக்கக் காய்ச்சுவார். அது விரிந்து சக்கரத்தில் ஏறும். ஆறியதும் சுருங்கி இறுகப் பிடித்துக்கொள்ளும்.

வெப்பம் 10 டிகிரி சென்டிகிரேடு ஏறினால், 100 அடி எஃகு சுமார் எட்டில் ஓர் அங்குலம் நீளும். அற்பம்தானே என்று தோன்றும். ஆனால் 400 தடவை போட்டால், பிழை நாலு அடியைத் தாண்டிவிடும்!

லாம்டன் என்ன செய்தார்? சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தினார். மேலே கூடாரத் துணியால் நிழல் கொடுத்தார். பக்கத்தில் வெப்பமானிகளை வைத்தார். ஒவ்வொரு தடவையும் வெப்பத்தைக் குறித்து, நீளத்தைக் கணக்கிட்டுத் திருத்தினார். வேலை வாரக்கணக்கில் நடந்தது.

முக்கோணங்கள்

அதன் பிறகு சங்கிலிக்கு அதிக வேலை இல்லை. முக்கோணத்தில் ஒரு பக்கமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் மற்றப் பக்கங்களைக் கணக்கிடலாம். அந்தப் பக்கத்தின் மேல் அடுத்த முக்கோணம்!

கோணம் பார்க்கும் தியோடலைட் கருவி சுமார் அரை டன் எடை. 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தில் ஏற்றியபோது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி நெளிந்தது.

லாம்டன் மனம் உடையவில்லை. கூடாரத்துக்குள் அமர்ந்து, பல வாரம் பாடுபட்டுத் தம் கையாலேயே சரி செய்தார்!

பெயர் யாருக்கு?

இருபது ஆண்டுகளுக்கு மேல் அளந்துகொண்டே வடக்கே நடந்தார். 1823 ஜனவரியில், இன்றைய மகாராஷ்டிரத்தில் உள்ள ஹிங்கன்காட்டில் உயிர் துறந்தார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அவருடைய உதவியாளர் எவரெஸ்ட் பணியைத் தொடர்ந்தார். முக்கோணங்கள் இமயத்தை எட்டின. 1856-ல் உலகின் மிக உயர்ந்த சிகரம் 29,002 அடி என்று அறிவிக்கப்பட்டது. இன்றைய கணக்கு 29,032 அடி. வித்தியாசம் 30 அடிதான்!

சிகரத்துக்கு எவரெஸ்ட் பெயர் கிடைத்தது. லாம்டன் பெயரில் சிகரம் இல்லை.

ஆனால் எட்டில் ஓர் அங்குலத்தையும் அவர் அலட்சியம் செய்யவில்லை. அதனால்தான் அந்தக் கணக்கு இமயம் வரை நின்றது!