பீடம் பெறாத பேரறிஞர்

கலாயோகி ஆனந்தக் குமாரசுவாமியின் பெயரைக் கேள்வியுறாத சைவ இளைஞர் எம்மிடையே அரியர். சிவபிரானின் திருக்கூத்தின் உட்பொருளை மேனாட்டார்க்கு உணர்த்தியவர் அவர். ஆயினும், அவருடைய கலை வரலாற்றாராய்ச்சி எமது கண்டியைச் சூழ்ந்த ஊர்களிலே முளைகொண்டது என்பதை எம்மிற் பலர் நினைப்பதில்லை.

1877 ஆம் ஆண்டு கொழும்பிலே, சேர் முத்துக்குமாரசுவாமிக்கும் ஆங்கில மாதாகிய எலிசபெத் அம்மையாருக்கும் மகனாகப் பிறந்த இவர், இரண்டாம் வயதிலே தந்தையை இழந்து இங்கிலாந்திலே வளர்ந்தார். பயின்றது மண்ணியல். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருளாய்வுக்குத் தலைமை தாங்கி, தோரியனைற்று என்னும் புதிய கனிப்பொருளைக் கண்டறிந்தார். 1906 இல் லண்டன் பல்கலைக்கழகம் அவருக்குக் கலாநிதிப் பட்டம் அளித்தது. அவ்வழியே சென்றிருப்பின் உயர்பதவியும் ஊதியமும் குறைவின்றிக் கிடைத்திருக்கும்.

ஆனால், கல்லைத் தேடி ஊரூராய்ச் சென்றவரின் கண்ணிற் பட்டவை நலிந்துவந்த கைவினைகளே. கதிர்காமக் கந்தனுக்குரிய எம்பெக்கே தேவாலயத்தின் மரச்சிற்பங்களும், தெகல்தொறுவ விகாரையின் சுவரோவியங்களும் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. பழைய கோயில்களைப் பேணுமாறு 1905 இலே கண்டிப் பிரதானிகளுக்குப் பகிரங்கக் கடிதம் வரைந்தார். கைவினைஞரிடம் கேட்டறிந்தவற்றை, துணைவியார் எதெல் எடுத்த நிழற்படங்களுடன் 1908 இல் பெருநூலாக்கினார். தாமே மேற்பார்வை செய்து அச்சிட்டவை 425 பிரதிகள் மாத்திரமே.

அதன்பின் பல்லாண்டுகள் நிலையான பதவி இல்லை. இந்தியாவிலே தேசியக் கலைக்கூடம் எழுமாயின் தமது ஓவியச் சேகரிப்பை அதற்களிக்க விரும்பினார், அவ்வெண்ணம் கைகூடவில்லை. 1917 இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நுண்கலைக்கூடமே அவருக்கு இடமளித்தது. பல்கலைக்கழகப் பீடமின்றி அங்கிருந்தே 1927 இல் இந்திய, இந்தோனேசியக் கலை வரலாற்றை வெளியிட்டார். 1947 இல், எழுபதாம் ஆண்டு நிறைவின்போது பன்னாட்டறிஞர் கட்டுரை மாலை சூட்டிப் போற்றினர். அவ்வாண்டு செப்டெம்பர் 9 ஆந் திகதி இறைவனடி சேர்ந்தார்.

இளைஞர்காள்! பதவி வரும்வரை பணி காத்திருக்க வேண்டுவதில்லை. பெரியோர்களே! அறிவுடைய எம் பிள்ளைகள் இடந்தேடிக் கடல் கடக்குமுன், இங்கேயே அவர்க்கோர் இடம் அமைப்போமாக.