ஊதியமில்லா விடுப்பு யாருக்கு உதவும்?

அமெரிக்கத் தொழிலாளர் நலச் சட்டங்களைக் கல்லூரியில் கற்பித்த ஆண்டுகளில், ஃபிரான்சிஸ் பெர்கின்ஸின் பெயரைச் சொல்லாமல் அந்தப் பாடத்தை நான் தொடங்கியதில்லை. அந்நாட்டு அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண்மணி அவர். அவர் உருவாக்கிய சட்டங்கள் பெரிதும் பேசப்படுகின்றன. அவர் தம் இல்லத்தில் சுமந்த பாரம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

1880-ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில் பிறந்தவர் பெர்கின்ஸ். 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கின் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் மூண்ட தீயில் 146 தொழிலாளர்கள் மாண்டனர். தப்ப வழியின்றி இளம்பெண்கள் மாடியிலிருந்து குதித்து உயிர்விட்டதை அவர் நேரில் கண்டார். அன்றுமுதல் தொழிலாளர் பாதுகாப்பே அவரது வாழ்நாள் பணியானது.

1913-இல் பால் வில்சன் என்ற பொருளியல் வல்லுநரை மணந்தார். மகள் பிறந்த சில ஆண்டுகளிலேயே கணவர் மனநோய்க்கு ஆளானார். சில காலம் மருத்துவமனை, சில காலம் வீடு என அந்நோய் பல்லாண்டுகள் நீடித்தது. பொருளீட்டும் பொறுப்பும் நோயாளியைப் பேணும் கடமையும் பெர்கின்ஸின் தோளிலேயே விழுந்தன.

1933-இல் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் அவரைத் தொழிலாளர் துறை அமைச்சராக்கினார். 12 ஆண்டுகள் அப்பொறுப்பில் இருந்தார். 1935-இல் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டம் முதியோருக்கு ஓய்வூதியமும் வேலையிழந்தோருக்கு உதவித்தொகையும் கிடைக்க வழிசெய்தது. 1938-இல் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 25 சென்ட் என நிர்ணயிக்கப்பட்டது. ஆயினும், வீட்டில் ஒருவர் நோயுற்றால் தொழிலாளி என்ன செய்வார் என்ற வினாவுக்கு அச்சட்டங்களில் விடை இல்லை.

1965-இல் பெர்கின்ஸ் மறைந்தார். அதற்கு 28 ஆண்டுகள் கழித்து, 1993-இல்தான் குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம் அங்கு நிறைவேறியது. குழந்தைப் பேறு, தமது நோய், பெற்றோர், வாழ்க்கைத்துணை அல்லது பிள்ளையின் கடும் நோய் ஆகியவற்றுக்காக ஆண்டுக்கு 12 வாரங்கள் வேலையை இழக்காமல் விடுப்பில் செல்லலாம். மாமனார், மாமியாருக்கு இது பொருந்தாது. 2008-இல் படைவீரர் குடும்பங்களும் கருத்தில் கொள்ளப்பட்டன. பணியில் காயமுற்ற வீரரைப் பேணும் நெருங்கிய உறவினருக்கு 26 வாரங்கள் வரை விடுப்பு உண்டு.

ஆனால், இந்த விடுப்புக் காலத்துக்கு ஊதியம் வழங்கச் சட்டம் பணிக்கவில்லை. 50 பேருக்குக் குறைவான தனியார் நிறுவனங்களுக்குச் சட்டமே பொருந்தாது. சேமிப்பு உள்ளவருக்கே பயன்படும் உரிமையை, உரிமை என்பதைவிடச் சலுகை என்பதே பொருத்தம். குடும்பத்தின் ஒரே வருவாயை ஈட்டிய பெர்கின்ஸுக்கே இச்சட்டம் பெரிதும் உதவியிருக்காது என்பதுதான் நகைமுரண்.

இதற்கான தீர்வும் அவரது பணியிலேயே இருக்கிறது. முதுமையின் இடரை அனைவரது பங்களிப்பாலும் பகிர்ந்துகொள்ளலாம் என்பது 1935 சட்டத்தின் அடிப்படை. தொழிலாளரின் சிறு பங்களிப்பைத் திரட்டி, விடுப்புக் காலத்தில் ஊதியத்தின் ஒரு பகுதியை வழங்கும் சட்டத்தை 2002-இல் இயற்றிய கலிஃபோர்னியா மாநிலம் அவ்வழியில்தான் சென்றது. நோயாளியின் படுக்கையருகே அமர்ந்திருப்பவரின் அடுப்பும் எரிய வேண்டும். அதை உறுதிசெய்யாத விடுப்புச் சட்டம் பாதிச் சட்டமே.