சுபாஷ் முகர்ஜி: நாம் நம்ப மறுத்த டாக்டர்



ஓமந்தூர்னு சொன்னதும் உங்களுக்கு யார் ஞாபகம் வரும்? நாடு விடுதலை அடைஞ்சப்போ சென்னை மாகாணத்தின் முதல்வரா இருந்த ராமசாமி ரெட்டியார்தான். அவரைப் பத்தி நிறைய படிச்சிருப்பீங்க. அதனால இந்த இதழில் வேற ஒருத்தர். ஆனா கதையை ஓமந்தூர்ல இருந்தே தொடங்குவோம்.

ஓமந்தூர் பக்கத்துல இருந்து திண்டிவனம் வழியா காலேஜ் பஸ்ல வர்றவங்க, குழந்தையின்மை சிகிச்சை விளம்பரங்களைப் பார்த்திருப்பீங்க. நாம பார்த்துட்டு மொபைலுக்குத் திரும்பிடுவோம். அந்த விளம்பரத்துல இருக்கற நம்பரை யாருக்கும் தெரியாம குறிச்சுக்கற தம்பதிகளும் நம்ம பஸ்ல இருக்கலாம். கல்யாணம் ஆகி ஒரு வருஷம் தாண்டினா, விசேஷம் ஏதாவது உண்டான்னு கேட்காத சொந்தக்காரங்க நம்ம ஊர்ல உண்டா? அந்தக் கேள்விக்குப் பயந்தே பலர் சொந்த ஊர்ல டாக்டரைப் பார்க்காம பாண்டிச்சேரிக்கோ சென்னைக்கோ போறாங்க.

கணவரின் விந்தில் உயிரணுவே இல்லைன்னு தெரிஞ்சா ஒரு வழி இருக்கு. தானமாகக் கிடைச்ச விந்தை மனைவியின் கர்ப்பப்பைக்குள் செலுத்துவாங்க. 2020ல வந்த 'தாராள பிரபு' படம் இதை வெச்சுதான். தியேட்டர்ல நாம சிரிச்சோம். நிஜத்துல அந்தச் சிகிச்சைக்குப் போற தம்பதிகள் பெத்தவங்க கிட்டகூட சொல்றதில்லை.

இந்த மறைப்பு இன்னைக்கு நேத்து வந்ததில்லை. 1884ல அமெரிக்காவின் பிலடெல்பியாவில் வில்லியம் பான்கோஸ்ட் என்ற டாக்டர், ஒரு பெண்ணுக்கு மயக்க மருந்து கொடுத்து, தன் மாணவர் ஒருவரின் விந்தைச் செலுத்தினார். குழந்தை பிறந்தது. கணவருக்கு அப்புறம் சொன்னாங்க. அந்தப் பெண்ணுக்குச் சொல்லவே இல்லை. அப்போ உடன் இருந்த மாணவர்களில் ஒருவர் 1909ல எழுதினபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

மறைச்சு வைக்கறதுல என்ன நஷ்டம்னு கேட்கறீங்களா? அதுக்குத்தான் கொல்கத்தாவின் டாக்டர் சுபாஷ் முகர்ஜி கதையைச் சொல்றேன். அவர் செஞ்சது விந்து தானம் இல்லை, சோதனைக் குழாய் குழந்தை. ஆனா ரெண்டு சிகிச்சைக்கும் போற தம்பதிகளுக்கு ஊர் மேல இருக்கற பயம் ஒண்ணுதான்.

சுபாஷ் 1931 ஜனவரி 16ல ஹசாரிபாக்கில் பிறந்தார். 1955ல கல்கத்தா தேசிய மருத்துவக் கல்லூரியில் எம்பிபிஎஸ் முடிச்சார். அதோட நிக்கலை. இனப்பெருக்க உடலியங்கியலில் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் ஒரு முனைவர் பட்டம், ஹார்மோன் ஆய்வில் எடின்பரோவில் 1967ல இன்னொரு பட்டம். வெளிநாட்டிலேயே இருந்திருக்கலாம். ஊர் திரும்பி அரசு மருத்துவக் கல்லூரியில் பாடம் எடுத்தார்.

கருக்குழாய் அடைச்சுக்கிட்ட ஒரு பெண் அவர்கிட்ட வந்தாங்க. கருமுட்டையும் விந்தணுவும் சந்திக்க வழியே இல்லை. அப்போ உடலுக்கு வெளியே சந்திக்க வெச்சா என்ன? மூணு பேர் சேர்ந்தாங்க. சுபாஷ், மகப்பேறு மருத்துவர் சரோஜ் காந்தி பட்டாச்சார்யா, மூணாவது ஆள் நம்ம ஆளு: ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் உணவுத் தொழில்நுட்ப, உயிர்வேதிப் பொறியியல் பேராசிரியர் சுனித் முகர்ஜி. உயிருள்ள செல்லைச் சேதம் இல்லாம உறைய வைக்கறதுதான் அவர் வேலை.

இவங்க செஞ்ச முறையைக் கொஞ்சம் கவனிங்க. இங்கிலாந்தில் எட்வர்ட்ஸும் ஸ்டெப்டோவும் மாசத்துக்கு இயற்கையா வளரும் ஒரே முட்டையை நம்பி இருந்தாங்க. சுபாஷ் ஹார்மோன் ஊசி போட்டு ஒரே தடவையில பல முட்டைகளை வளர வெச்சார். அவற்றைக் கருவாக்கி, உடனே உள்ளே வைக்காம 53 நாள் உறைநிலையில் வெச்சார். ஏன்னா, ஹார்மோன் ஊசி போட்ட மாசத்துல கர்ப்பப்பை கருவை ஏத்துக்கற நிலையில இருக்காதுன்னு அவர் கணக்குப் போட்டார். உடம்பு பழைய நிலைக்கு வந்த பிறகு, வேறொரு மாசத்தில் கருவை உள்ளே வெச்சார்.

1978 ஜூலை 25ல இங்கிலாந்தில் உலகின் முதல் சோதனைக் குழாய் குழந்தை லூயிஸ் பிரவுன் பிறந்தாள். சரியா 70 நாள் கழிச்சு, அக்டோபர் 3ல கொல்கத்தாவில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. துர்கா பூஜை சமயம் என்பதால் வெளியுலகத்துக்கு அவள் பேர் துர்கா.

இப்போ நம்ம விஷயத்துக்கு வருவோம். துர்காவின் பெற்றோர் வெளியே வர விரும்பலை. ஊர் என்ன பேசும், நாளைக்குப் பொண்ணை எப்படிப் பார்ப்பாங்கன்னு பயம். அந்தப் பயத்தைத் தப்புன்னு சொல்ல முடியுமா? டாக்டரும் அவங்களைக் காட்டிக் கொடுக்கலை. ஆக, உலகத்துக்கே சவால் விடக்கூடிய சாதனை கையில இருந்தும், சாட்சி சொல்ல ஆள் இல்லாம நின்னார்.

மேற்கு வங்க அரசு விசாரணைக் குழு போட்டது. அதன் தலைவர் ஒரு கதிரியக்க இயற்பியலாளர். குழு அவரைத் துருவித் துருவிக் கேட்டது. கடைசியில் அவர் சொன்னதெல்லாம் நம்பும்படி இல்லைன்னு முடிவு கட்டியது. ஜப்பானில் இருந்து வந்த அழைப்புக்குப் போக அனுமதி கிடைக்கலை. சக மருத்துவர்களே கேலி செஞ்சாங்க. அவருக்கு மாரடைப்பு வந்தது. அதுக்கும் அப்புறம், 1981 ஜூன் மாசம், ஹார்மோன் ஆராய்ச்சி செஞ்ச மனுஷனை ஒரு கண் மருத்துவ நிறுவனத்துக்கு மாத்தினாங்க. அதே மாசம் 19ம் தேதி அவர் தன் உயிரை மாய்ச்சுக்கிட்டார். வயசு 50.

அவர் இறந்து ஆறு மாசம் தாண்டின சில நாள்ல, ஹார்மோன் ஊசி முறையில் அமெரிக்காவின் முதல் சோதனைக் குழாய் குழந்தை பிறந்தது. உறைய வெச்ச கருவில் இருந்து ஆஸ்திரேலியாவில் 1984ல ஒரு குழந்தை பிறந்தப்போ, அதைத்தான் உலகிலேயே முதல்னு கொண்டாடினாங்க. இன்னைக்கு நம்ம ஊர் சிகிச்சை மையங்கள்ல செய்யறதும் இந்த ரெண்டு முறையையும்தான்.

உண்மையை யார் வெளியே கொண்டுவந்தது? அவர் சாதனை ஒத்துக்கொள்ளப்பட்டா, தன் பட்டத்தை இழக்க வேண்டியவர்! இந்தியாவின் முதல் சோதனைக் குழாய் குழந்தைக்குக் காரணமானவர்னு பேர் வாங்கியிருந்தவர் டி.சி.ஆனந்த் குமார், 1986ல மும்பையில் இந்திரா ஹிந்துஜாவோட சேர்ந்து செஞ்சது. 1997ல அவர் கொல்கத்தா போனப்போ சுபாஷின் கையெழுத்துக் குறிப்புகள் கிடைச்சது. ஒவ்வொரு வரியா சரிபார்த்தார். முதல் ஆள் நான் இல்லை, சுபாஷ்தான்னு ஆய்விதழில் தானே எழுதினார். 2002ல இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அங்கீகாரம் கொடுத்தது. 2003ல, தன் 25வது பிறந்த நாளில், துர்காவே மேடை ஏறி நான்தான் அந்தக் குழந்தைன்னு சொன்னாங்க. கேட்க வேண்டியவர் இல்லை.

நண்பர்களே, 2021ல வந்த சட்டத்தின்படி விந்து தானம் இப்போ பதிவு பெற்ற வங்கி வழியாத்தான் நடக்கணும். கொடுப்பவருக்கு வயசு 21 முதல் 55 வரை. ஒருத்தர் கொடுத்ததை ஒரு தம்பதிக்கு மேல தரக்கூடாது. கொடுத்தவருக்குக் குழந்தை மேல உரிமை இல்லை; பிறக்கற குழந்தை சட்டப்படி அந்தத் தம்பதியின் சொந்தக் குழந்தை. சட்டம் இவ்வளவு தெளிவா சொல்லியாச்சு. நம்ம வாய்தான் இன்னும் திருந்தலை.

வெளியே சொல்றதும் சொல்லாததும் அந்தத் தம்பதியின் விருப்பம். ஆனா பயந்து மறைக்கற நிலைமையை உண்டாக்கறது நாம. அடுத்த தடவை ஊர்க் கல்யாணத்துல யாரையாவது விசேஷம் இல்லையான்னு யாராவது கேட்டா, பேச்சை மாத்தி விடுங்க. ஹாஸ்டல்ல டோனர் ஜோக் ஓடினா கூடச் சேர்ந்து சிரிக்காதீங்க. ப்ராஜெக்ட் செய்யறவங்க இன்னொண்ணும் கத்துக்கோங்க: செய்யறதை அன்னன்னைக்கே தேதி போட்டு எழுதி வைங்க. சுபாஷைக் காப்பாத்த முடியாம போனாலும், அவர் பேரைக் காப்பாத்தினது அந்த நோட்டுகள்தான்.

கேலியும் ஒதுக்கலும் தாங்க முடியலைன்னு உங்களுக்கோ உங்க ரூம்மேட்டுக்கோ தோணினா, தனியா சுமக்காதீங்க. 14416க்கு எப்ப வேணும்னாலும் கூப்பிடலாம், காசு கிடையாது. சுபாஷ் காலத்துல அப்படி ஒரு நம்பர் இல்லை.