தன் தொழிலுக்கே வேட்டு வைக்கும் இன்ஜினுக்கு பம்ப் செய்தவர்: யார் இந்த ராபர்ட் போஷ்?

கெலவரப்பள்ளி அணை இருக்கும் ஓசூர் வட்டாரத்தில், கிருஷ்ணகிரி - பெங்களூரு நெடுஞ்சாலையில் ராப்பகலா டீசல் லாரிகள் ஓடிக்கிட்டே இருக்கும். இழுவை குறைஞ்சு, கரும்புகை தள்ளினா மெக்கானிக் சந்தேகப்படும் பாகங்களில் ஒன்று, டீசல் பம்ப். அந்த பம்பின் கதை ஜெர்மனியில் தொடங்குகிறது.

1861-ல் உல்ம் நகருக்கு அருகே ஆல்பெக் கிராமத்தில், 12 பிள்ளைகளில் 11-வதாகப் பிறந்தவர் ராபர்ட் போஷ். அமெரிக்காவில் எடிசனின் நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு, 1886-ல் ஸ்டுட்கார்ட்டில் சின்ன பட்டறை போட்டார். பெட்ரோல் இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோதான் அவரைப் பெரிய ஆளாக்கியது. 1906-லேயே தொழிலாளர்களுக்கு 8 மணி நேர வேலையைக் கொண்டுவந்தார்.

சிக்கல் டீசல் இன்ஜின் வடிவில் வந்தது. அதுக்குத் தீப்பொறியே தேவையில்லை. டீசல் வண்டிகள் பெருகினா, மேக்னெட்டோவை யார் வாங்குவார்? 1921-ல் மகனைப் பறிகொடுத்திருந்த போஷ், அடுத்த ஆண்டே டீசல் பம்பை உருவாக்க முடிவெடுத்தார்.

பம்ப் எப்படி வேலை செய்யுது?

டீசல் இன்ஜினில் காற்று இறுக்கி அழுத்தப்பட்டு, கொதிக்கும் சூடாகிறது. அந்த அழுத்தத்தை மீறி டீசலை உள்ளே பீய்ச்சணும். ஆரம்பத்தில் இதுக்குப் பெரிய ஏர் கம்ப்ரஸர் தேவைப்பட்டதால், லாரிக்கு அது சரிப்படவில்லை.

போஷ் பம்பில், சுழலும் கேம் ஷாஃப்ட் ஒரு பிளஞ்சரை மேலே தள்ளும். இடுக்கில் சிக்கிய டீசல் அழுத்தம் ஏறி, நாசில் வழியாகப் புகைபோலத் தெளிக்கும். பிளஞ்சரில் சாய்வாக வெட்டிய பள்ளம், பக்கத்துத் துளைக்கு நேராக வந்ததும் அழுத்தம் இறங்கி, தெளிப்பு நிற்கும். ஆக்ஸிலரேட்டரை மிதிச்சா பிளஞ்சர் லேசாகத் திரும்பும். பள்ளம் துளையை அடைய நேரமாகும். கூடுதல் டீசல் போகும். பிளஞ்சர் தேய்ந்தால் டீசல் கசிஞ்சு, இழுவை போயிடும்.

1927-ல் பம்ப் தொழிற்சாலை உற்பத்திக்கு வந்தது. முதலில் லாரிகள், 1936-ல் மெர்சிடிஸ் 260 டி கார் என டீசல் சாலைக்கு வந்தது. இன்றைய காமன் ரெயில் பம்புகள் 2,000 பாருக்கு மேலும் அழுத்தம் தருகின்றன. கார் டயரில் இருப்பது சுமார் 2 பார்தான்.

போஷ் 1942-ல் காலமானார். 1951-ல் பெங்களூருவில் உருவான மைக்கோ, அவர் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில் ஆடுகோடியில் பம்புகளைத் தயாரித்தது. ஓசூரிலிருந்து அது சுமார் 35 கிலோமீட்டர்தான்.