லாங்ஃபெல்லோ: மொழியாசிரியராக வாழ்ந்த கவிஞர்

ஹென்றி வாட்ஸ்வொர்த் லாங்ஃபெல்லோ என்றதும் ‘ஹயவாதா’வும் ‘இவாஞ்சலி’னும் நினைவுக்கு வரும். தம் காலத்தில் அட்லாண்டிக் கடலின் இரு கரைகளிலும் அவரளவு படிக்கப்பெற்ற அமெரிக்கக் கவிஞர் அரியர். அக்கவிஞர் ஏறத்தாழ இருபத்துநான்கு ஆண்டுகள் கல்லூரி மாணவர்க்கு அயல்மொழி கற்பித்து ஊதியம் பெற்ற ஆசிரியர் என்பது அவ்வளவாக நினைக்கப்படுவதில்லை. அவருடைய கவிதையைப் பழித்தவர்களும் போற்றியவர்களும் அந்த வகுப்பறையை எட்டிப் பார்க்காமலே தீர்ப்பு வழங்கிவிட்டனர்.

1807 பிப்ரவரி 27-ஆம் நாள் போர்ட்லண்டு நகரில் அவர் பிறந்தபோது, அமெரிக்கக் கல்லூரி என்றால் கிரேக்கமும் இலத்தீனும் கணிதமும்தான். மாணவர் பாடத்தை நெட்டுருச் செய்து ஒப்பிப்பார். ஆசிரியர் மதிப்பெண் இடுவார். பிரெஞ்சு, ஸ்பானிஷ் முதலிய வாழும் மொழிகள் நடனம், வாள்வீச்சு போன்ற அணிகலக் கல்வியாகக் கருதப்பட்டன. விரும்புவோர் கற்கலாம், விட்டாலும் குறைவில்லை. அத்துறைக்கு மாணவர் மனமுவந்து வரவேண்டுமாயின் முதலில் அதற்கொரு மதிப்பு உண்டாகவேண்டியிருந்தது.

தந்தை ஸ்டீபன் லாங்ஃபெல்லோ வழக்கறிஞர். மகனும் சட்டம் பயிலவேண்டும் என்பது அவர் எண்ணம். மகனோ இலக்கியமன்றி வேறு நினைவில்லாதவராக இருந்தார். 1825-இல் போடின் கல்லூரியில் அவர் பட்டம் பெற்றவேளை, அக்கல்லூரி நவீன மொழிகளுக்கென ஒரு பேராசிரியர் பதவியை ஏற்படுத்த முனைந்தது. தேர்வில் அவர் செய்திருந்த ஹொராஸ் கவிதை மொழிபெயர்ப்பு ஆட்சிக் குழுவினர் ஒருவரைக் கவர்ந்ததால் பதவி அவரைத் தேடி வந்தது என்பர். தந்தையார் அக்குழுவில் இருந்ததும் உதவியிருக்கும். எப்படியாயினும் பத்தொன்பது வயதைத் தாண்டாத இளைஞருக்கு இடப்பட்ட நிபந்தனை ஒன்றுதான்: ஐரோப்பா சென்று மொழிகளைக் கற்று வரவேண்டும், அதுவும் சொந்தச் செலவில்.

1826-இல் கப்பலேறியவர் பாரிஸ், மாட்ரிட், ரோம், ஜெர்மனியின் கோட்டிங்கன் என மூன்றாண்டுகள் சுற்றினார். மொழியை இலக்கண நூலில் மட்டும் தேடாமல், அதைப் பேசும் குடும்பங்களோடு தங்கிக் கற்றார். 1829-இல் தாயகம் திரும்ப இருந்தவருக்குக் கல்லூரி அனுப்பிய செய்தி கசப்பானது. வயது போதாது என்று கூறிப் பேராசிரியர் பதவிக்குப் பதில் 600 டாலர் சம்பளத்தில் துணையாசிரியர் வேலை தருவதாகச் சொன்னார்கள். இருபத்திரண்டு வயது இளைஞர் அதனைத் திட்டமாக மறுத்தார். முடிவில் பேராசிரியராக 800 டாலரும், நூலகப் பொறுப்புக்கு 100 டாலரும் எனக் கல்லூரி இறங்கி வந்தது. அவர் போராடியது பணத்துக்காக மட்டுமன்று. நவீன மொழி ஆசிரியர் கிரேக்க ஆசிரியருக்கு ஒருபடி கீழானவர் என்று ஏற்றுக்கொண்டால், அந்தத் துறையே ஒருபடி கீழாகிவிடும் அன்றோ!

வகுப்புக்குள் சென்றவருக்கு ஏற்ற பாடநூல்கள் கிடைக்கவில்லை. தாமே ஆக்கத் தொடங்கினார். பிரெஞ்சு இலக்கணம் ஒன்றை ஆங்கிலப்படுத்தினார். பழமொழிகளை மையமாகக் கொண்ட சிறு பிரெஞ்சு நாடகங்களைத் தொகுத்தார். ஸ்பானியக் கதைகளும், பின் இத்தாலியக் கதைகளும் தொகுப்பாக வந்தன. 1830 முதல் 1832 வரையிலான மூன்றே ஆண்டுகளில் நிகழ்ந்தவை இவை. நாடகங்களைத் தேர்ந்ததில் ஆசிரியரின் நுட்பம் தெரிகிறது: நாடகத்தில் இருப்பது பேச்சுமொழி, ஒப்பித்துப் பழகிய மாணவன் அதனைப் பேசிப் பழகலாம். இத்தாலிய இலக்கணச் சுருக்கத்தையோ அவர் ஆங்கிலத்தில் எழுதவில்லை, பிரெஞ்சில் எழுதினார். முன்னாண்டு கற்ற மொழியே அடுத்த மொழிக்கு ஏணியாயிற்று.

1831-இல் மேரி பாட்டரை மணந்தார். 1833-இல் ஸ்பானியக் கவிஞர் மான்ரிக்கே தம் தந்தையின் மறைவுக்குப் பாடிய இரங்கற்பாவை மொழிபெயர்த்து நூலாக்கினார். 1834 டிசம்பரில் ஹார்வர்டின் தலைவர் ஜோசையா குவின்சியிடமிருந்து அழைப்பு வந்தது. ஜார்ஜ் டிக்னார் விலகவிருந்த ஸ்மித் பேராசிரியர் பதவி அது. சம்பளம் 1500 டாலர்.

டிக்னாரைப் பற்றி இங்கே சொல்லியாகவேண்டும். கோட்டிங்கனில் பயின்று 1819-இல் அப்பதவியேற்ற அவர், மாணவரை ஆண்டுவாரியாக அன்றித் திறமைவாரியாகப் பிரிக்கவேண்டும், விரைந்து கற்பவன் விரைந்து முன்னேறவேண்டும் என வாதாடினார். கல்லூரி முழுவதற்கும் அவர் கேட்ட சீர்திருத்தம் பிற துறைகளின் எதிர்ப்பால் தேய்ந்து, அவருடைய மொழித்துறையில் மட்டும் நிலைத்தது. லாங்ஃபெல்லோவுக்குக் கிடைத்தது அந்தத் துறை.

மீண்டும் நிபந்தனை, மீண்டும் ஐரோப்பா. 1835-இல் மனைவியுடன் புறப்பட்டார். ஸ்டாக்ஹோமில் சுவீடிஷும் கோபன்ஹேகனில் டேனிஷும் கற்றார். அவ்வாண்டு நவம்பர் 29 அன்று ராட்டர்டாம் நகரில், கருச்சிதைவுக்குப் பின் நோயுற்றிருந்த மேரி இறந்தார். இருபத்தெட்டு வயதில் தனியராகி ஹைடல்பர்க் சென்ற கவிஞர், அந்தக் குளிர்காலம் முழுவதும் ஜெர்மன் நூல்களில் தம்மைப் புதைத்துக்கொண்டார். பதவி கேட்ட தகுதிக்காகச் சென்ற பயணம் இல்லத்தரசியைக் கொண்டுபோயிற்று. அத்துயரை எண்ணாமல் அவருடைய ஜெர்மன் புலமையை மட்டும் பாராட்டுவது முறையாகாது.

1836 இறுதியில் கேம்பிரிட்ஜ் வந்துசேர்ந்தார். பிரெஞ்சு, ஸ்பானிஷ், இத்தாலியன், ஜெர்மன் ஆகியவற்றை, அவ்வம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட நான்கு ஆசிரியர்கள் நடத்தினர். அவர்களை மேற்பார்ப்பதும் இலக்கிய விரிவுரை ஆற்றுவதும் பேராசிரியர் கடமை. 1837-இல் தொடங்கிய விரிவுரைகளில் கெதேயின் ‘ஃபாஸ்ட்’ இடம்பெற்றது. பின்னர் தாந்தேயும் வந்தார். சொற்பட்டியலோடு மல்லாடிய மாணவர்க்கு, அச்சொற்கள் எங்கே கொண்டுசேர்க்கும் என்பதைக் காட்டியவை இவை.

மாணவர்களை மரியாதை அடைமொழியோடு பெயர் சொல்லி அழைப்பது அவர் வழக்கம். அதட்டலும் தண்டனையும் மிகுந்திருந்த அக்காலத்தில் இது புதுமை. கல்லூரி வளாகத்தில் மாணவர் கலகம் எழுந்தபோது, பிற ஆசிரியர் பேச்சுக்குச் செவிகொடாத கூட்டம், தம்மை மதிப்பவர் என்ற காரணத்தால் லாங்ஃபெல்லோ பேசுகையில் அடங்கி நின்றது என்று அவரிடம் பயின்ற ஹிக்கின்சன் பதிவு செய்திருக்கிறார்.

இவ்வளவும் இன்பமாக நடந்ததாகக் கொள்ளவேண்டாம். பிரெஞ்சு ஆசிரியர் இடம் காலியானபோது தொடக்க வகுப்புகளும் பேராசிரியர் தலையிலேயே விழுந்தன. வினைத்திரிபுகளைத் திருத்தித் திருத்தி மாலையில் பேனாவைத் தொடவும் இயலாமற் போனதை நாட்குறிப்பில் நொந்துகொண்டார். ஆட்சிக் குழுவுக்கு விண்ணப்பங்கள் எழுதினார், செவிசாய்த்தது குறைவு. கண்ணும் உடலும் நலிய, 1842-இல் விடுப்புப் பெற்று ஜெர்மனிக்கு நீர்ச் சிகிச்சைக்குச் சென்றார். மறு ஆண்டு ஃபேனி ஆப்பிள்டனை மணந்தார்.

அச்சோர்வுக்கிடையே 1845-இல் வெளிவந்ததுதான் ஐரோப்பியக் கவிஞரும் கவிதையும் என்னும் பெருந்தொகுப்பு. ஆங்கிலோ-சாக்சன், ஐஸ்லாண்டிக் தொடங்கிப் போர்த்துகீசியம் ஈறாகப் பத்து மொழிகளின் கவிதைகளை ஆங்கிலத்தில் ஒருங்கே தந்த நூல். கிரேக்கப் பேராசிரியர் ஃபெல்டன் துணைநின்றார். பழைய மொழியின் ஆசிரியர் புதிய மொழிகளுக்கு உழைத்தது சிறு செய்தியன்று.

வகுப்பறை அவர் கவிதையை விழுங்கிற்று என்பார் உளர். அவரே அவ்வாறு நினைத்ததுண்டு. ஆயின் ‘இவாஞ்சலி’னின் (1847) அறுசீரடி கெதேயையும் சுவீடிஷ் கவிஞர் டெக்னரையும் படித்தவர் கையில்தான் வந்திருக்கும். ‘ஹயவாதா’வின் (1855) ஓசை ஃபின்லாந்தின் ‘கலேவலா’வினது, கதைப்பொருளோ ஸ்கூல்கிராஃப்ட் திரட்டிய ஒஜிப்வே மக்களின் கதைகள். இரவல் என எட்கர் ஆலன் போ தொடுத்த குற்றச்சாட்டு நெடுங்காலம் அவரைத் தொடர்ந்தது. அயல் யாப்பைத் தம் மொழிக்குப் பழக்கும் கவிஞர் எல்லா நாட்டிலும் இப்பழியைச் சுமந்தவரே. ‘ஹயவாதா’வின் தாளம் சில இடங்களில் சலிப்பூட்டுவது உண்மை, அது வேறு குறை.

1854-இல், நாற்பத்தேழாம் வயதில், பதவி துறந்தார். அடுத்து வந்த ஜேம்ஸ் ரஸ்ஸல் லோவலும் கவிஞர்; அவரும் ஐரோப்பா சென்று பயின்ற பின்னரே வகுப்பெடுத்தார். டிக்னார் கால்கொண்ட வழக்கம் அறுபடவில்லை.

1861 ஜூலையில் ஆடையில் தீப்பற்றி ஃபேனி மாண்டார். அணைக்க முயன்ற கவிஞருக்கும் காயம். அதன்பின் சொந்தக் கவிதை தயங்கிற்று. முன்பு வகுப்புக்காகத் தொட்ட தாந்தேயிடம் திரும்பினார். புதன்கிழமை இரவுகளில் லோவலும் சார்லஸ் எலியட் நார்ட்டனும் பிறரும் அவர் இல்லத்தில் கூடுவர். ஒரு காண்டத்தின் மொழிபெயர்ப்பை அவர் படிக்க, மற்றவர் மூலத்தை வைத்துக்கொண்டு வரிக்கு வரி வாதிடுவர். பிறகு விருந்து. ‘தெய்வீக நாடகம்’ முழுவதும் 1867-இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது.

அந்த நண்பர் வட்டத்தின் வழியில் 1881-இல் தாந்தே சங்கம் தோன்றியது. முதல் தலைவர் லாங்ஃபெல்லோ. மறு ஆண்டு மார்ச் 24 அன்று அவர் காலமானார். 1883-இல் அமெரிக்கக் கல்லூரிகளின் மொழியாசிரியர்கள் ஒன்றுகூடி நவீன மொழிச் சங்கத்தை அமைத்தனர்; பின்னர் லோவல் அதன் தலைவரானார். 1884-இல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மடத்தின் கவிஞர் மூலையில் லாங்ஃபெல்லோவின் மார்பளவுச் சிலை வைக்கப்பட்டது. அங்கே சிலை பெற்ற முதல் அமெரிக்கக் கவிஞர் அவரே.