பசித்த வயிறும் பள்ளிக்கூடமும்
(பெருந்தலைவர் காமராசர் வாழ்க்கை)

நமக்கெல்லாம் மதியம் மணி அடிச்சா தட்டைத் தூக்கிட்டு ஓடத் தெரியும். அந்தத் தட்டுக்குப் பின்னால் ஒரு பெரியவரின் வாழ்க்கை இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்வோமா?

காமராசர் 1903-ஆம் ஆண்டு ஜூலை 15 அன்று விருதுநகரில் பிறந்தார். தந்தை குமாரசாமி, தாய் சிவகாமி அம்மாள். ஆறு வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். அவர் படித்த சத்திரிய வித்யாசாலைப் பள்ளி, வீட்டுக்கு வீடு தினமும் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்து ஊரார் வளர்த்த பள்ளி என்று சொல்வார்கள். ஆனாலும் குடும்பக் கஷ்டத்தால் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. மாமாவின் துணிக்கடையில் வேலைக்குப் போனார். பிறகு சுதந்திரப் போராட்டத்தில் சேர்ந்து பல வருஷம் சிறையில் இருந்தார்.

1954-இல் முதலமைச்சர் ஆனார். ஒருநாள் சேரன்மாதேவி பக்கம் காரில் போகும்போது மாடு மேய்த்த சிறுவர்களைப் பார்த்து, ஏன் பள்ளிக்குப் போகவில்லை என்று கேட்டாராம். பள்ளிக்குப் போனால் சோறு யார் போடுவாங்க என்று ஒரு பையன் திருப்பிக் கேட்டானாம். அந்தக் கேள்வி அவர் மனசைத் தைத்துவிட்டது.

பள்ளியில் சோறு போடுவது அதற்கு முன்பும் உண்டு. 1920-லேயே சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கியது. ஆனால் கிராமத்துப் பிள்ளைகளுக்கு அது எட்டவில்லை. இத்தனை பேருக்குப் பணம் எங்கே என்று பலர் தயங்கினார்கள். காமராசரோ ஊர் ஊராகப் போய் மக்களிடம் கையேந்தவும் தயாராக இருந்தார். 1956-இல் பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. கல்வித்துறை இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு துணை நின்றார். ஊரார் நெல்லும் பருப்பும் காய்கறியும் கொடுத்தார்கள். பிறகு அரசும் பணம் போட்டது. பசிக்காகப் பள்ளிக்கு வந்த பிள்ளை எழுத்தும் கற்றது!

1975 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாளன்று காமராசர் மறைந்தார். அவர் போட்ட விதை வளர்ந்தது. 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி, இரண்டு வயதுக் குழந்தைக்கும் சோறு கிடைக்கச் செய்தார். 1989-இல் கலைஞர் ஆட்சியில் முட்டை வந்தது. 2022-இல் காலை உணவும் வந்தது. சோறு வயிற்றை நிரப்பும். உடம்பு வளர முட்டையும் பயறும் கடலையும் கீரையும் வேண்டும். அதனால்தான் மதிய உணவு சத்துணவாக மாறியது.

நண்பர்களே, ஒரு விஷயம் சொல்லணும். நம்மில் சிலர் சத்துணவு வரிசையில் நிற்க வெட்கப்பட்டு, கடைக்குப் போய் பாக்கெட் சிப்ஸும் கலர் சோடாவும் வாங்குகிறோம். நானும் போன வருஷம் வரை அப்படித்தான். அதில் எண்ணெயும் உப்பும் சர்க்கரையும்தான் அதிகம். உடம்பு குண்டாகும், ஆனா சத்து சேராது. அன்று சாப்பாடு இல்லாமல் மெலிந்தார்கள். இன்று நல்ல சாப்பாட்டை விட்டுவிட்டு நாம் கெடலாமா?

படிப்பை இழந்த ஒருவர் நாம் படிக்கணும்னு போட்ட சோறு அது. தட்டை எடுக்க வெட்கம் எதுக்கு? வாங்க, வரிசையில் நிற்போம்!

– 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி