வேத கணிதம் வேதத்தில் இருக்கிறதா? பாரதி கிருஷ்ண தீர்த்தரின் கதை

65-ஐ 65-ஆல் பெருக்கணுமா? 6-ஐ அதற்கு அடுத்த எண்ணான 7-ஆல் பெருக்குங்க, 42. பக்கத்துல 25-ஐ எழுதுங்க. விடை 4225. அவ்வளவுதான்!

‘வேத கணிதம்’ என்ற பெயரில் இன்று டியூஷன் சென்டர்களில் சொல்லித்தரப்படும் இந்த வித்தையைப் பிரபலமாக்கியவர், புரி கோவர்த்தன மடத்தின் சங்கராச்சாரியாராக இருந்த பாரதி கிருஷ்ண தீர்த்தர். சரி, யார் இவர்? இந்தக் கணக்கெல்லாம் உண்மையிலேயே வேதத்தில் இருக்கிறதா?

திருநெல்வேலி டு புரி

1884-ல் தமிழ்க் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். இயற்பெயர் வெங்கட்ராமன். அப்பா திருநெல்வேலியில் தாசில்தார். திருநெல்வேலியிலும் திருச்சியிலும் படித்த வெங்கட்ராமன், கணிதம், சமஸ்கிருதம் இரண்டிலும் கெட்டி. கொஞ்ச காலம் கல்லூரிப் பணியில் இருந்தவர், அதை விட்டுவிட்டு சிருங்கேரிக்குப் போனார். அங்கே வேதாந்தம் படித்தபடி சுமார் 8 ஆண்டுகள் இருந்தார். பக்கத்துக் காடுகளில் தவம் செய்த அந்தக் காலத்தில்தான் 16 கணித சூத்திரங்கள் தனக்குக் கிடைத்ததாகப் பின்னாளில் சொன்னார்.

1921-ல் துவாரகா சாரதா பீடத்தின் சங்கராச்சாரியார் ஆனார். அதே ஆண்டு கிலாபத் இயக்கத்தின் அலி சகோதரர்களோடு சேர்த்து கராச்சியில் இவர் மீதும் வழக்கு நடந்தது. மற்றவர்களுக்குத் தண்டனை, இவருக்கு விடுதலை. 1925-ல் புரி பீடத்துக்கு வந்தார். கடைசிவரை அங்கேதான்.

1950-ல் ஒரு கேள்வி

இந்த சூத்திரங்கள் அதர்வ வேதத்தின் பரிசிஷ்டத்தில், அதாவது பிற்சேர்க்கையில், இருப்பதாகத் தீர்த்தர் சொல்லி வந்தார். லக்னோவைச் சேர்ந்த கணித வரலாற்று அறிஞர் கே.எஸ்.சுக்லா, அந்தப் பரிசிஷ்டத்தின் அச்சுப் பதிப்பையே கையோடு எடுத்துக்கொண்டு அவரைச் சந்தித்தார். எந்தப் பக்கத்தில் இருக்குன்னு காட்டுங்க என்று கேட்டார். அதற்குத் தீர்த்தர் தந்த பதில்: அவை அச்சில் உள்ள பரிசிஷ்டத்தில் இல்லை, தன்னுடைய பரிசிஷ்டத்தில்தான் இருக்கின்றன.

இறந்த பிறகு வந்த புத்தகம்

சூத்திரத்துக்கு ஒன்றாக 16 தொகுதிகள் எழுதி, அவை தொலைந்துபோனதாகச் சொல்லப்படுகிறது. முதுமையில் பார்வை மங்கிய நிலையில், 1957-ல் நினைவிலிருந்தே ஒரே ஒரு தொகுதியை எழுதினார். 1958-ல் அமெரிக்கா போய் உரையாற்றினார். பீடத்தில் இருக்கும் சங்கராச்சாரியார் ஒருவர் கடல் கடந்து போனது அன்று பெரிய விஷயம். 1960 பிப்ரவரியில் மும்பையில் காலமானார். புத்தகம் வெளிவந்தது 1965-ல், பனாரஸ் இந்து பல்கலைக்கழகம் மூலம். இந்த சூத்திரங்கள் அறியப்பட்ட எந்தப் பரிசிஷ்டத்திலும் இல்லை என்று அதன் பதிப்பாசிரியர் வி.எஸ்.அகர்வாலாவே முன்னுரையில் ஒப்புக்கொண்டார்.

1990-களில் கணிதவியலாளர் எஸ்.ஜி.தானி இதை விரிவாக விமர்சித்தார். புத்தகத்தில் தசம பின்னங்கள் வருகின்றன. ஆனா அப்படி எழுதும் முறை வேத காலத்தில் இல்லை. பல நூற்றாண்டுகள் கழித்து வந்தது.

அப்போ கணக்கு தப்பா?

இல்லை. 5-ல் முடியும் எந்த எண்ணையும் 10a + 5 என்று எழுதலாம். அதன் வர்க்கம் 100a(a+1) + 25. அதனாலதான் அந்த 6×7 வித்தை எப்பவும் பலிக்குது. பள்ளி அல்ஜீப்ரா போதும். ஆனா இது குறிப்பிட்ட வகை எண்களுக்கான குறுக்குவழி, மொத்த கணிதமும் இல்லை.

வேத மரபில் நிஜமாவே கணிதம் இருக்கா என்றால், இருக்கு. யாக குண்டம் கட்டுவதற்கான அளவுகளைச் சொல்லும் சுல்ப சூத்திரங்களில் அது இருக்கு. பள்ளியில் பிதாகரஸ் பெயரில் படிக்கும் தேற்றம் போதாயனரின் சுல்ப சூத்திரத்தில் உள்ளது. 2-ன் வர்க்கமூலத்தை 577/408 என்று, 5 தசம இடங்கள் வரை சரியாகத் தருகிறது அது. ஏடு இருக்கு, யார் வேண்டுமானாலும் எடுத்துச் சரிபார்க்கலாம்.

தீர்த்தரின் சூத்திரங்களுக்கு அப்படி ஒரு ஏடு இல்லை. அதன் நடையைப் பார்த்தால் அவரே கண்டுபிடித்தவை என்றே தெரிகிறது என்பது அகர்வாலாவின் கருத்து. அப்படிப் பார்த்தால், ‘வேத’ என்ற அடைமொழியால் மறைந்துபோனது திருநெல்வேலியில் வளர்ந்த ஒரு கணக்குப் புலியின் சொந்த மூளைதான்.